எட்டு மில்லி

ஐந்தே முக்காலுக்கு ஜீப் கூடலூரைத் தாண்டும்.
லோயர் கேம்ப் வளைவுகளில் பதினாறு பெண்களும்
ஒரே பக்கம் சாய்வோம். பிறகு மறுபக்கம்.
குமுளியில் இறங்கினால்
பஸ்ஸின் எழுத்து மாறும், பேச்சு மாறும்,
கூலி நூறு ரூபாய் கூடும்.

சல்லடையில் தங்குவது எட்டு மில்லி.
பச்சை மங்காதது, வாய் பிளக்காதது, காம்பு ஒட்டாதது.
அது கடல் தாண்டும்.
ஏழு மில்லி டெல்லிக்கு.
வெடித்தது, வெளுத்தது, பூச்சி தின்றது
நம்ம டீக்கடைக்கு.
மூன்று குவியலுக்கு நடுவே
பதினொரு வருஷம் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன்.

தைத்த மூட்டைமேல் தங்கச்சன்
தகட்டை வைத்து மை பூசுவார்: ஜெத்தா.
மை காயும்வரை அந்தப் பேரையே பார்ப்பேன்.

எனக்கு ஒரு ஜெத்தா இருந்தது.
கறுப்புக் கம்பளிக் கூடாரம். வாசலில் அசைபோடும் ஒட்டகம்.
உள்ளே ஒருவர், மருதாணிச் சிவப்பில் தாடி,
என் காயை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி
நகத்தால் கீறி, கண்ணை மூடி மோந்து,
யார் பொறுக்கினது இது? என்று கேட்பார்.
அரபியில்தான். எனக்கு விளங்கும்.
செல்லக்கிளியிடம் ஒருநாள் சொன்னேன்.
"கூலி கூட்டித் தருவாராமா?" என்றாள்.

சீட்டு விழுந்தது. தம்பி சிக்கந்தர் பாதி போட்டான்.
உத்தமபாளையத்து காஜா மைதீன் டிராவல்ஸில்
பதினைந்து நாள் உம்ரா.
தொழுததைச் சொல்ல மாட்டேன், அழுததையும்.
மற்றதைச் சொல்லலாம்.

ஜெத்தாவில் முதலில் பார்த்தது தரை.
முகம் தெரிகிற தரை.
துடைத்துக்கொண்டிருந்தவர் "தமிழா?" என்றார்.
தொண்டிக்காரர். ஊர் போய் நாலு வருஷமாம்.
கூடாரம் எந்தப் பக்கம் அண்ணே என்று
கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன்.

மணல் இருந்தது, பஸ் கண்ணாடிக்கு வெளியே.
உள்ளே ஏசிக் குளிருக்கு
துப்பட்டியை இரண்டாக மடித்துப் போர்த்தியிருந்தேன்.
ஒட்டகமும் இருந்தது,
பாலத்தடியில் நின்ற லாரியில், முழங்கால் கட்டி.
எங்கள் செக்போஸ்டில் இரவெல்லாம் நிற்கும்
அடிமாடுகளுக்கும் அதே முகம்.

மதீனாவில் ஒரு மாலை, கடைத்தெரு.
பேரீச்சை, தஸ்பீ மணி, சீனாவில் நெய்த தொழுகை விரிப்பு.
மூலையில் வாய் மடக்கி வைத்த சாக்கு.
கை தானாக உள்ளே போனது.
கண்ணுக்கு முன்னால் விரல் சொல்லிவிட்டது,
நம்மது இல்லை.
ஆறரைகூட இருக்காது. மூன்றில் ஒன்று வெடிப்பு.
நானாயிருந்தால் டீக்கடைக்குத் தள்ளியிருப்பேன்.

"குவாத்தமாலா, சேச்சி" என்றான் கடைப் பையன்.
மலப்புரத்துக்காரன்.
"இந்தியா ஏலக்காய்க்கு விலை கூடுதல்."
நான் குமுளியிலிருந்து என்றதும்
தராசை விட்டுவிட்டு எழுந்தான்.
"தேக்கடியல்லே! மஞ்சு, யானை, போட்டு...
காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருமாமே?"
அவன் போனதில்லை.
போனில் படம் வைத்திருந்தான். கல்யாணமானதும் போவானாம்.

அட்டைக்கடியைச் சொல்லியிருக்கலாம்.
காய் உலர்த்தும் அறைப் புகையில்
பேச்சியம்மாள் இருமும் இருமலை,
மழையில் ஜீப் நின்றால் போகிற அரைநாள் கூலியை.
அவன் முகத்தைப் பார்த்தேன்.
"ஆமாம் தம்பி, மேகம் உள்ளேயே வரும்" என்றேன்.
பொய் இல்லை. ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது, அவ்வளவுதான்.

சிறு கிண்ணத்தில் காவா ஊற்றித் தந்தான்.
மஞ்சளாக இருந்தது, கசந்தது.

இன்று திங்கள்கிழமை. மறுபடி சல்லடை.
"கூடாரத்தைப் பாத்தியா?" என்கிறாள் செல்லக்கிளி.
கடல் தாண்டிக் கடல் தாண்டி அந்த ஊர் என்று
சிக்கந்தர் போனில் காட்டினான்.
அங்கே மலை இருக்குமாம், மழையும்.
ஒருத்தி இருப்பாள், கால் மரத்துப்போய்.
அவளுக்குச் சல்லடை தேய்ந்துவிட்டதோ,
மேஸ்திரி அவசரப்படுத்துகிறானோ.
அவள் கூந்தலில் சிவப்பாக ஒரு பூ வைக்கிறேன்.
பின்னால் ஒரு எரிமலையும்.

"ஏய், வெடிப்பை எட்டுல போடுறே" என்கிறாள் செல்லக்கிளி.